சித்திரை நட்சத்திரம் ஒன்றல்ல.. இரண்டு சூரியன்கள்! தெருவில் நின்றே பார்க்கலாம்

திருப்பத்தூர், ஏப்.14-

சித்திரை மாதம் பிறந்துவிட்டது. கோவில்களில் பஞ்சாங்கம் படிக்கிறார்கள். வீடுகளில் மாங்காய் பச்சடி, வேப்பம்பூ ரசம் என்று புத்தாண்டு களைகட்டுகிறது. ஆனால் சில வீடுகளில் மட்டும் முகம் வாடிக்கிடக்கிறது. இந்த மாதம் பிரசவத்துக்கு தேதி கொடுக்கப்பட்ட கர்ப்பிணிகள் இருக்கும் வீடுகள் அவை.

"சித்திரையில் பிள்ளை பிறந்தால் அப்பன் தெருவிலே" என்ற பழமொழிதான் இதற்கு காரணம். இதற்கு பயந்துதான் ஆடி மாதம் புதுமண தம்பதியை பிரித்து வைக்கும் வழக்கமே வந்தது என்று பெரியவர்கள் சொல்வது உண்டு. ஆடியில் கரு தரித்தால் சித்திரையில் பிரசவம். அந்த காலத்தில் பேன் கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது. அக்னி வெயிலில் தாயும் பிள்ளையும் தவித்துப்போவார்கள். அதை தவிர்க்க செய்த ஏற்பாடு நாளடைவில் பிள்ளையின் மீதே பழியாக விழுந்துவிட்டது.

மாதத்துக்கு மட்டும் அல்ல, நட்சத்திரத்துக்கும் இந்த பயம் ஒட்டிக்கொண்டது. "சித்திரை நட்சத்திரமா..?" என்று பெண் பார்க்க வந்த இடத்தில் இழுப்பவர்களும் இருக்கிறார்கள்.

சரி, அந்த சித்திரை நட்சத்திரம் எங்கே இருக்கிறது? எப்படி இருக்கும்? கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது. ஜாதகத்தில் கட்டம் கட்டமாக பார்த்திருப்பார்கள். வானத்தில் பார்த்திருக்க மாட்டார்கள். இத்தனைக்கும் வெறும் கண்ணுக்கு தெரியும் நட்சத்திரங்களில் மிகவும் பிரகாசமான முதல் 20-க்குள் இதுவும் ஒன்று. இந்த மாதம் முழுக்க இரவில் பளிச்சென்று தெரியும். காசு செலவு இல்லை. தொலைநோக்கியும் வேண்டாம்.

எங்கே பார்ப்பது?

இரவு 9 மணிக்கு மேல் மொட்டை மாடியிலோ தெருவிலோ நின்று முதலில் வடக்கு பக்கம் பாருங்கள். ஏழு நட்சத்திரங்கள் சேர்ந்து பிடி வைத்த அகப்பை போல தெரியும். இதுதான் சப்தரிஷி மண்டலம். அகப்பையின் பிடி கொஞ்சம் வளைந்து இருக்கும்.

அந்த வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு கிழக்கு பக்கம் வந்தால் லேசான ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய நட்சத்திரம் மின்னும். அது சுவாதி. அதே வளைவில் இன்னும் தென்கிழக்காக இறங்கினால் நீலம் கலந்த வெள்ளை நிறத்தில் தனியாக ஒன்று நிற்கும். அதுதான் சித்திரை. ஆங்கிலத்தில் இதற்கு ஸ்பைகா என்று பெயர். கன்னி ராசி மண்டலத்தில் இருப்பதிலேயே பிரகாசமானது இது.

ஏப்ரல் மாதம் இரவு 9 மணிக்கு கிழக்கு வானில் கொஞ்சம் மேலே ஏறி இருக்கும். மே மாத நடுவில் இரவு 10 மணி அளவில் உச்சிக்கு சற்று தெற்கே வந்துவிடும். ஜூன் நடுவில் இரவு 8 மணிக்கே அந்த இடத்தில் பார்க்கலாம். செப்டம்பர் கடைசியில் மாலை வெளிச்சத்தில் மேற்கே மறைந்துவிடும். அதன் பிறகு நவம்பரில் விடியற்காலை கிழக்கே மீண்டும் தலைகாட்டும்.

இன்னொரு சுலபமான வழியும் இருக்கிறது. வீட்டில் மாட்டி இருக்கும் தினசரி காலண்டரில் அன்றைய நட்சத்திரம் என்று போட்டிருப்பார்கள். அதில் "சித்திரை" என்று வரும் நாளில் நிலாவை பாருங்கள். கையை நேராக நீட்டி விரல்களை விரித்தால் ஒரு சாண் வருமே, அந்த ஒரு சாணுக்குள் நிலாவுக்கு பக்கத்தில் இந்த நட்சத்திரம் இருக்கும். காலண்டரில் போடும் நட்சத்திரத்துக்கு அர்த்தமே இதுதான். அன்று நிலா எந்த நட்சத்திரத்தின் பக்கத்தில் இருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது.

நிலா பூமியை சுற்றி நட்சத்திரங்களுக்கு நடுவே பழைய இடத்துக்கு வர சுமார் 27 நாள் ஆகும். அந்த பாதையை 27 பங்காக பிரித்து, பங்குக்கு ஒரு நட்சத்திரத்தின் பெயர் வைத்தார்கள். அதில் 14-வது பங்கு சித்திரை. அதாவது 27-ல் சரி நடு.

வருடப்பிறப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சித்திரை மாதத்துக்கு அந்த பெயர் வந்ததே இந்த நட்சத்திரத்தால்தான். இந்த மாதத்து பவுர்ணமி நிலா சித்திரை நட்சத்திரத்தை ஒட்டி வரும். அதுதான் சித்ரா பவுர்ணமி. கன்னியாகுமரியில் ஒரு பக்கம் சூரியன் கடலில் இறங்க, இன்னொரு பக்கம் நிலா எழும்புவதை பார்க்க கூட்டம் கூடுவது இந்த நாளில்தான்.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. சித்திரை 1-ந் தேதி அன்று சூரியனும் சித்திரை நட்சத்திரமும் வானத்தில் ஏறக்குறைய நேர் எதிர் எதிரே இருக்கும். அன்று மாலை மேற்கே சூரியன் மறையும் நேரத்தில் கிழக்கே சித்திரை உதிக்கும். விடிய விடிய வானத்தில் இருந்துவிட்டு காலையில் சூரியன் வரும் நேரத்தில் மறையும். புது வருடத்துக்கு விடிய விடிய காவல் இருப்பது போல.

இது தற்செயல் அல்ல. சூரியன் மேஷ ராசிக்குள் நுழைவதுதான் நமக்கு வருடப்பிறப்பு. ஆனால் வானத்தில் மேஷம் இங்கே தொடங்குகிறது என்று யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. எங்கிருந்து எண்ணுவது என்பதில் பஞ்சாங்கத்துக்கு பஞ்சாங்கம் வித்தியாசம் இருந்தது. இதை சரிப்படுத்த மத்திய அரசு 1952-ல் விஞ்ஞானி மேக்நாத் சாகா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. குழுவின் அறிக்கை 1955-ல் வந்தது. சித்திரை நட்சத்திரத்துக்கு நேர் எதிர் புள்ளியை தொடக்கமாக வைத்து கணக்கு போடும் முறையைத்தான் அரசின் பஞ்சாங்கம் பின்பற்றுகிறது. நாடு முழுவதும் காலண்டருக்கு ஆணி அடித்த இடம் சித்திரை என்று சொன்னால் தப்பில்லை.

கிரேக்கரை திகைக்க வைத்த நட்சத்திரம்

சித்திரையை வைத்து கணக்கு போட்டது நம்ம ஆட்கள் மட்டும் அல்ல. சுமார் 2,150 ஆண்டுகளுக்கு முன்பு கிரேக்க நாட்டை சேர்ந்த ஹிப்பார்க்கஸ் என்பவர் இந்த நட்சத்திரத்தின் இடத்தை அளந்து பார்த்தார். அவருக்கு சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்பு எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் திமோகாரிஸ் என்பவர் அளந்து எழுதி வைத்த கணக்கோடு ஒப்பிட்டார். 2 டிகிரி அளவுக்கு இடம் மாறி இருந்தது.

நட்சத்திரம் நகர்ந்துவிட்டதா? இல்லை. பூமிதான் தலையாட்டுகிறது. பம்பரம் வேகம் குறையும்போது சுற்றிக்கொண்டே தலையை மெதுவாக ஆட்டும் அல்லவா? பூமியும் அதுபோல தலையாட்டுகிறது. ஒரு முறை ஆடி முடிக்க சுமார் 26 ஆயிரம் ஆண்டுகள் ஆகும். 72 ஆண்டுக்கு 1 டிகிரி வீதம் கணக்கு மாறும்.

இதனால்தான் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாள் மார்ச் 20 அல்லது 21-ல் வர, நம்ம வருடப்பிறப்பு ஏப்ரல் 14-ல் வருகிறது. சுமார் கி.பி.285-ல் இரண்டும் ஒரே நாளில் இருந்தன. அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விலகி இப்போது 24 நாள் வித்தியாசம் வந்துவிட்டது. பூமி தலையாட்டுகிறது என்பதற்கு முதல் சாட்சி சொன்னதே இந்த சித்திரைதான் என்பது குறிப்பிடத்தக்கது.

நீலம் என்றால் கொதிப்பு

சித்திரை ஏன் நீலமாக தெரிகிறது? கொல்லன் பட்டறைக்கு போனவர்களுக்கு இது சுலபமாக புரியும். இரும்பை உலையில் வைத்தால் முதலில் சிவக்கும். சூடு ஏற ஏற ஆரஞ்சாக மாறும். பிறகு மஞ்சள். அதற்கும் மேல் போனால் வெள்ளையாக கண்ணை கூசும். அதையும் தாண்டி சூடு ஏறினால் நீலம் கலந்துவிடும்.

நட்சத்திரங்களுக்கும் இதே கணக்குதான். ஏப்ரல் மாதம் இரவு 8 மணிக்கு மேற்கு வானத்தில் திருவாதிரை நட்சத்திரம் சிவப்பாக தெரியும். அதன் மேற்பரப்பு வெப்பம் 3 ஆயிரத்து 300 டிகிரி அளவுதான். நமது சூரியனின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 5 ஆயிரத்து 500 டிகிரி. நீலவெள்ளை சித்திரையோ சுமார் 25 ஆயிரம் டிகிரியில் கொதிக்கிறது. ஒரே இரவில் மேற்கே சிவப்பையும் கிழக்கே நீலத்தையும் பார்த்து வித்தியாசத்தை தெரிந்துகொள்ளலாம்.

ஒன்று அல்ல.. இரண்டு!

கண்ணுக்கு ஒரு புள்ளியாக தெரிந்தாலும் சித்திரை ஒரு நட்சத்திரம் கிடையாது. இரண்டு சூரியன்கள் ஒன்றை ஒன்று சுற்றி ஓடிக்கொண்டு இருக்கின்றன. இதை 1890-ல் ஜெர்மனியை சேர்ந்த ஹெர்மன் வோகல் கண்டுபிடித்தார்.

எப்படி கண்டுபிடித்தார்? ஹாரன் அடித்துக்கொண்டு பஸ் நம்மை நோக்கி வரும்போது சத்தம் கீச்சென்று கேட்கும். நம்மை தாண்டி போனதும் சத்தம் சுருதி இறங்கிவிடும். வெளிச்சத்திலும் இதே மாதிரி மாற்றம் உண்டு. நம்மை நோக்கி வரும் நட்சத்திரத்தின் வெளிச்சம் கொஞ்சம் நீலப்பக்கம் சாயும். விலகி போனால் சிவப்புப்பக்கம் சாயும்.

நட்சத்திரத்தின் வெளிச்சத்தை வானவில் போல பிரித்தால் நடு நடுவே கறுப்பு கோடுகள் தெரியும். சித்திரையின் கோடுகள் ஒரு முறை இந்த பக்கமும் ஒரு முறை அந்த பக்கமும் மாறி மாறி நகர்வதை வோகல் பார்த்தார். 4 நாளைக்கு ஒரு தடவை அதே கதை திரும்ப வந்தது. அப்படியானால் அது எதையோ சுற்றி வருகிறது என்று தெரிந்தது.

பூமி சூரியனை ஒரு முறை சுற்ற ஒரு வருடம் ஆகிறது. இந்த இரண்டு சூரியன்களும் ஒன்றை ஒன்று சுற்ற 4 நாள்தான் எடுத்துக்கொள்கின்றன. ஓட்டம் விநாடிக்கு 100 கிலோ மீட்டருக்கும் மேல்.

கடுகும் கால்பந்தும்

பெரிய சூரியனின் எடை நமது சூரியனை போல சுமார் 11 மடங்கு. சின்ன சூரியனின் எடை சுமார் 7 மடங்கு. அளவை புரிந்துகொள்ள ஒரு கணக்கு. நமது சூரியனை ஒரு கால்பந்து என்று வைத்துக்கொண்டால் பூமி ஒரு கடுகு. அந்த கணக்கில் சித்திரையின் பெரிய சூரியன் ஒரு ஆள் உயரம் இருக்கும். சின்ன சூரியன் இடுப்பு உயரம். இரண்டுக்கும் நடுவே மையத்தில் இருந்து மையத்துக்கு 9 அடிதான் இடைவெளி.

உண்மையான கணக்கில் அது சுமார் 1 கோடியே 80 லட்சம் கிலோ மீட்டர். சூரியனுக்கும் புதன் கிரகத்துக்கும் உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் ஒன்றை ஒன்று பிடித்து இழுக்கின்றன. அந்த இழுப்பில் உருண்டையாக இருக்க வேண்டியவை முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டன. முட்டையின் அகலப்பக்கமும் கூர்ப்பக்கமும் மாறி மாறி நமக்கு தெரிவதால் சித்திரையின் வெளிச்சம் லேசாக கூடி குறைகிறது. கண்ணுக்கு அது தெரியாது. கருவி வைத்து அளந்தால் தெரியும்.

பெரிய சூரியன் மட்டும் நமது சூரியனை போல சுமார் 20 ஆயிரம் மடங்கு சக்தியை கொட்டுகிறது. சின்னது சுமார் 2 ஆயிரம் மடங்கு. சூரியன் இருக்கும் இடத்தில் சித்திரையை கொண்டுவந்து வைத்தால் பூமியில் கடல் கொதித்து ஆவியாகிவிடும். ஒரு புல் பூண்டு மிஞ்சாது.

பஸ்சில் போனால்..?

அப்படிப்பட்ட நெருப்பு நமக்கு சிறு புள்ளியாக தெரிவதற்கு தூரம்தான் காரணம். வெளிச்சம் ஒரு விநாடிக்கு சுமார் 3 லட்சம் கிலோ மீட்டர் வேகத்தில் பாயும். நிலாவில் இருந்து பூமிக்கு வர ஒன்றேகால் விநாடி. சூரியனில் இருந்து வர 8 நிமிடத்துக்கு கொஞ்சம் அதிகம். சித்திரையில் இருந்து வர சுமார் 250 ஆண்டு ஆகிறது!

கிலோ மீட்டரில் சொன்னால் சுமார் 2 ஆயிரத்து 365 லட்சம் கோடி. மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் எங்கும் நிற்காமல் போகும் பஸ்சில் ஏறினால் போய் சேர சுமார் 450 கோடி ஆண்டு ஆகும். பூமியின் வயதே கிட்டத்தட்ட அவ்வளவுதான். பூமி உருவான அன்று புறப்பட்ட பஸ் இப்போதுதான் அங்கே போய் நின்றிருக்கும்.

இன்று இரவு நம் கண்ணில் விழும் சித்திரையின் வெளிச்சம், வேலு நாச்சியார் வாழ்ந்த காலத்தில், வீரபாண்டிய கட்டபொம்மன் சிறுவனாக இருந்த காலத்தில் அங்கிருந்து கிளம்பியது. அன்றைய சித்திரையைத்தான் நாம் இன்று பார்க்கிறோம்.

காவலூர் தொலைநோக்கியிலும் இரண்டாக தெரியாது

இரண்டு சூரியன் என்றால் தொலைநோக்கியில் இரண்டாக தெரியுமா? தெரியாது. திருப்பத்தூர் மாவட்டம் ஆலங்காயம் அருகே ஜவ்வாது மலையில் காவலூர் வானியல் ஆய்வு மையம் இருக்கிறது. பெங்களூருவில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம் இதை நடத்துகிறது. நகரங்களின் விளக்கு வெளிச்சம் எட்டாத இடமாக பார்த்து இந்த மலையை தேர்வு செய்தவர் விஞ்ஞானி வைணு பாப்பு. கடல் மட்டத்தில் இருந்து சுமார் 725 மீட்டர் உயரம். இங்கே 2.34 மீட்டர் அகல கண்ணாடி கொண்ட தொலைநோக்கியை 1986 ஜனவரி 6-ந் தேதி அப்போதைய பிரதமர் ராஜீவ்காந்தி தொடங்கி வைத்தார். மையத்துக்கும் தொலைநோக்கிக்கும் வைணு பாப்புவின் பெயரே வைக்கப்பட்டது.

அவ்வளவு பெரிய தொலைநோக்கியில் நேராக பார்த்தாலும் சித்திரை ஒரே புள்ளிதான். ஏன் என்றால் கன்னியாகுமரியில் ஒரு ரூபாய் நாணயத்தை நிறுத்தி வைத்துவிட்டு, ஸ்ரீநகரில் நின்று அதன் இந்த ஓரத்தையும் அந்த ஓரத்தையும் பிரித்து பார்ப்பதற்கு சமம் அது.

அளந்தவர் பிறந்தது நீலகிரியில்!

அதையும் ஒருவர் அளந்து காட்டினார். அவர் பெயர் ராபர்ட் ஹான்பரி பிரவுன். இங்கிலாந்து விஞ்ஞானியான அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? நமது நீலகிரி மாவட்டம் அருவங்காடு! வெடிமருந்து தொழிற்சாலைக்கு பெயர் போன அதே அருவங்காட்டில் 1916-ல் அவர் பிறந்தார்.

ஆஸ்திரேலியாவில் நராப்ரி என்ற ஊருக்கு அருகே அவர் ஒரு கருவியை அமைத்தார். 188 மீட்டர் குறுக்களவு கொண்ட வட்டமான ரெயில் பாதை. அதன் மேல் ஓடும் இரண்டு பெரிய கண்ணாடி தட்டுகள். ஒவ்வொன்றும் 21 அடி அகலம். இரண்டையும் பக்கத்தில் கொண்டுவரலாம், தள்ளியும் நிறுத்தலாம்.

இரண்டு தட்டிலும் ஒரே நட்சத்திரத்தின் வெளிச்சம் விழும். அந்த வெளிச்சத்தில் கண்ணுக்கு தெரியாத ஏற்ற இறக்கம் இருக்கும். அதை மின்சார சிக்னலாக மாற்றி ஒப்பிட்டு பார்ப்பார்கள். தட்டுகள் பக்கத்தில் இருக்கும்போது இரண்டு சிக்னலும் ஒத்துப்போகும். தள்ள தள்ள அந்த ஒற்றுமை குறையும். எந்த இடைவெளியில் எவ்வளவு குறைகிறது என்பதை வைத்து நட்சத்திரத்தின் அகலத்தை கணக்கு போட்டார்கள். அந்த முறையில் 32 நட்சத்திரங்களின் அகலம் அளக்கப்பட்டது. அதில் சித்திரையும் ஒன்று.

சித்திரையின் இரண்டு சூரியன்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி நம் கண்ணுக்கு எவ்வளவு கோணத்தில் தெரிகிறது என்பதை இந்த கருவி சொன்னது. அவை ஓடும் வேகத்தை வைத்து உண்மையான இடைவெளி எத்தனை கிலோ மீட்டர் என்பது தெரிந்தது. இரண்டையும் சேர்த்தால் தூரம் கிடைத்துவிடும். நிலத்தை அளக்கும் சர்வேயர் போடும் அதே கணக்குதான். 1971-ல் வெளியான இந்த முடிவு, பின்னாளில் ஹிப்பார்க்கஸ் என்ற செயற்கைகோள் அளந்த தூரத்தோடு ஓரளவு ஒத்துப்போனது. சித்திரையை அளந்த அந்த செயற்கைகோளுக்கு பழைய கிரேக்கரை நினைத்தே பெயர் வைக்கப்பட்டது.

வெடிக்குமா?

பெரிய நட்சத்திரம் என்றால் நீண்ட நாள் வாழும் என்று நினைத்தால் அது தவறு. அதிக சம்பளம் வாங்கி அதைவிட வேகமாக செலவு செய்பவர் நிலைமைதான். நமது சூரியனுக்கு ஆயுள் சுமார் ஆயிரம் கோடி ஆண்டு. சித்திரையின் பெரிய சூரியனை போன்றவற்றுக்கு ஆயுள் 2 கோடி ஆண்டு அளவுதான். கடைசியில் அது பெரிதாக வெடித்து சிதற வாய்ப்பு உள்ளதாக விஞ்ஞானிகள் கூறுகின்றனர்.

ஆனால் பயப்பட வேண்டாம். அது நம் காலத்தில் நடக்கும் சங்கதி அல்ல. நட்சத்திரம் வெடித்து பூமிக்கு பெரிய கெடுதல் வர வேண்டும் என்றால் அது இதைவிட பல மடங்கு பக்கத்தில் இருக்க வேண்டும். 250 ஒளி ஆண்டு தூரம் நமக்கு நல்ல பாதுகாப்பு.

பிள்ளை மேல் என்ன தப்பு?

இப்போது பழமொழிக்கு வருவோம். 27 நட்சத்திரத்தில் ஒன்று சித்திரை. அப்படியானால் சுமாராக 27 பேரில் ஒருவர் இந்த நட்சத்திரத்தில் பிறந்தவர். 2011 மக்கள் தொகை கணக்குப்படி தமிழ்நாட்டில் 7 கோடியே 21 லட்சம் பேர். அதில் 26 லட்சம் பேருக்கு மேல் சித்திரை நட்சத்திரக்காரர்கள் இருப்பார்கள். சித்திரை மாதத்தில் பிறந்தவர்கள் என்று பார்த்தால் 12-ல் ஒரு பங்கு. அத்தனை பேரின் அப்பாவும் தெருவில் நிற்கவில்லை. கடையும் வைத்திருக்கிறார்கள், வீடும் கட்டி இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இன்று ஒரு குழந்தை பிறக்கும் நேரத்தில் சித்திரையில் இருந்து கிளம்பும் வெளிச்சம் பூமிக்கு வர 250 ஆண்டு ஆகும். அந்த குழந்தையின் பேரன், பேத்தி, அவர்களின் பேரன், பேத்தி என்று பத்து தலைமுறை தாண்டி இருக்கும். குழந்தை பிறந்தது அந்த நட்சத்திரத்துக்கு இன்னும் தெரியவே தெரியாது.

ஜாதகம் பார்ப்பதும் பார்க்காததும் அவரவர் விருப்பம். நம்பிக்கையில் யாரும் தலையிட முடியாது. ஆனால் வியாபாரம் படுத்ததற்கும், வேலை போனதற்கும், குடித்து கடன் ஆனதற்கும் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையை திட்டுவதும், பெற்றவளை "ராசி இல்லாதவள்" என்று குத்திக்காட்டுவதும் எந்த பஞ்சாங்கத்திலும் சேராது. சித்திரை வெயிலில் பிறக்கும் குழந்தைக்கு தேவை காற்றோட்டமான அறையும், தாய்ப்பாலும், வேளை தவறாத தடுப்பூசியும்தான். பரிகாரம் தேடி அலையும் நேரத்தில் தாய்க்கு ஒரு இளநீர் வாங்கி கொடுத்தால் புண்ணியம்.

இன்று இரவே பார்க்கலாம்

மேகம் இல்லாத இரவாக இருந்தால் போதும். தெருவிளக்கு நேராக கண்ணில் அடிக்காத இடமாக பார்த்து நிற்க வேண்டும். கண் இருட்டுக்கு பழக 10 நிமிடம் கொடுக்க வேண்டும். செல்போனை பாக்கெட்டில் போட்டுவிடுவது நல்லது. கிராமத்தில் மட்டும் அல்ல, சென்னை போன்ற நகரத்திலும் தெரியும் அளவுக்கு சித்திரை பிரகாசமானது.

பக்கத்தில் கிரகம் ஏதாவது வந்து நின்றால் குழப்பம் வரலாம். கிரகம் பெரும்பாலும் மினுக்காமல் நிலையாக எரியும். நட்சத்திரம் மினுக்கும். சப்தரிஷியின் வால், சுவாதி, சித்திரை என்ற வளைவை பிடித்துக்கொண்டால் தவறவே தவறாது.

வீட்டில் சித்திரையில் பிறந்த பிள்ளை இருந்தால் இன்று இரவு அதை தோளில் தூக்கிக்கொண்டு அப்பன் தாராளமாக தெருவுக்கு வரலாம்.. "அதோ பார், உன் நட்சத்திரம்" என்று காட்டுவதற்கு!